இருபத்திரண்டு நிமிட வெயில்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று பன்னிரண்டு. நேரத்தைக் குறித்தவர் அண்ணன். பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி உள்ளே வந்தாலும், வெளியே போனாலும் கை தானாகப் பேனாவைத் தேடும். ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும் கைக்கு மட்டும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. ஆஸ்பத்திரி போனை வைத்துவிட்டு, மேஜையில் கிடந்த கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் 11.12 என்று எழுதினார். எதற்கான நேரத்தை எழுதினோம் என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

இறந்தது அவருடைய ஒரே தங்கை. வயது ஐம்பத்தெட்டு. வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்து, அது நல்லபடியாக முடிந்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று காலை எட்டு மணிக்கு அண்ணன் ஃபிளாஸ்கோடு அவளைப் பார்க்கப் போயிருந்தார். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"விரிஞ்சிடுச்சாண்ணா?"

"எது?"

"பெரியவ."

"உன்னைப் பாக்க வந்தா நீ செடியைக் கேக்கற."

"என்னை மாத்தி மாத்தி அஞ்சு பேர் பாக்கறாங்க. அவளை யார் பாக்கறா? போய்ப் பாரு. மேல்மூடி முன்னால குனிஞ்சிருந்தா விரிஞ்சாச்சுன்னு அர்த்தம், மகரந்தத் தூள் வைக்க நாலு நாள்தான் கணக்கு. நான் நாளைக்கு வந்து பாத்துக்கறேன்."

அவளிடம் சொல்ல அவர் ஒரு விஷயம் வைத்திருந்தார். எட்டு வருடப் பழைய விஷயம். பஸ்ஸில் வரும்போது இரண்டு வாக்கியமாக அதைத் தயார் செய்திருந்தார். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து திரையை இழுத்துவிட்டாள். "சாயங்காலம் வரேன் பாப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

*

பாப்பா ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். முன்னால் ஷோரூம், பின்னால் பத்துக்கு எட்டில் ஓர் அறை. அந்தப் பின்னறையில் அவள் முப்பத்து நான்கு வருடம் இருந்தாள். லென்ஸின் விளிம்பை பிரேமுக்குத் தக்கபடி இழைப்பது, பொருத்துவது, திருகாணி முடுக்குவது, கோணல் பார்ப்பது அவள் வேலை. மெஷினில் எப்போதும் தண்ணீர் ஒழுகும். சுண்ணாம்பு கரைத்ததுபோல ஒரு வெள்ளைச் சேறு தொட்டியில் படியும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் நகக்கண்ணில் அந்த வெள்ளை இருக்கும்.

கடையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வேறு யார் கண்ணுக்கும் தெரியாத கீறல் அவளுக்குத் தெரியும். முதலாளியே புது லென்ஸ் பெட்டி வந்தால், "முதல்ல பூதக்கண்ணாடி பாக்கட்டும், அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்பார். கண்ணாடி சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களை அவள் பேச விடமாட்டாள். "கொஞ்சம் நடங்க" என்பாள். நடக்கும்போது மூக்கையும் காதையும் பார்ப்பாள். பிறகு கண்ணாடியை வாங்கி, சூடான சின்னக் கண்ணாடி மணிகள் நிரம்பிய சட்டியில் அதன் காதில் மாட்டும் காலைச் செருகி, இளகியதும் ஒரு நூல் அளவு வளைத்துக் கொடுப்பாள். வந்தவர் வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் போய்விடுவார்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் கதை எதுவும் இல்லை. இரண்டு இடம் வந்தது, இரண்டும் தட்டிப்போனது, மூன்றாவது வருவதற்குள் அவளுக்குத் தனியாக இருப்பது பழகிவிட்டது. அப்பா விட்டுப்போன வீட்டில் அண்ணனும் அண்ணியும் மாடியில், அவள் கீழே. இரண்டு சமையலறை, ஒரே படிக்கட்டு. அண்ணிக்கும் அவளுக்கும் வாரத்துக்கு ஒரு முறை உரசல் வரும், மறுநாள் காலைக்குள் சரியாகிவிடும்.

வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு அடிக்கு ஏழடியில் ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் அடுத்த கட்டடத்தின் நான்கு மாடிச் சுவர். போதாததற்கு அந்தப் பக்கத்து மரம் ஒன்று மதிலைத் தாண்டி வந்து, கேட்பாரில்லாத இடம் என்று படர்ந்துவிட்டது. தக்காளி வைத்தார்கள், வரவில்லை. ரோஜா வைத்தார்கள், கம்பியாக நின்றது. அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்து, தரையில் வெயில் விழுவது நாளொன்றுக்கு இருபத்திரண்டு நிமிடம் என்று அறிவித்தார். அதுவும் மதிலோரம் மட்டும். சிமெண்ட் போட்டு ஸ்கூட்டர் நிறுத்தலாம் என்பது அவர் முடிவு.

"போடலாம்ணா. அதுக்கு முன்னாடி நிழல்ல வளர்றது எதாவது இருக்கான்னு பாத்துடறேன்" என்றாள் பாப்பா. அந்த ஸ்கூட்டர் இன்றுவரை தெருவில்தான் நிற்கிறது.

*

செடி வந்தது இருபத்தொரு வருடத்துக்கு முன்னால். ஊருக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவில் மலையடிவாரத்தில் காடு இருக்கிறது. கடையில் எல்லோரும் ஒரு நாள் அங்கே போனார்கள். சாலையை அகலப்படுத்துவதற்காகக் காட்டின் ஓரத்தை இயந்திரம் வழித்துக் குவித்திருந்தது. மற்றவர்கள் அருவியைப் பார்க்கப் போக, இவள் மண்குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேரும் சேறுமாக உருண்டு கிடந்த கிழங்குகளில் மூன்றைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தாள். என்ன கிழங்கென்று தெரியாது. வாழ்க்கையில் அவள் யோசிக்காமல் செய்த காரியங்கள் மிகக் குறைவு, அதில் இது ஒன்று.

அடுத்த மழைக்கு முளைத்தது. பாம்புத் தோல்போலப் புள்ளி விழுந்த தண்டு, அதன் தலையில் ஒரே ஓர் இலை, மூன்றாகப் பிரிந்தது. மூன்றாம் வருடம் பூத்தது. பூ என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பச்சையும் கரும்பழுப்புமாகக் கோடு போட்ட ஒரு குழல். அதன் மேல்நுனி முன்னால் மடிந்து தலையை மூடிக்கொண்டிருக்கும். அண்ணி மாடிப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "முக்காடு போட்டுக்கிட்டு நிக்குதே" என்றாள். அன்றிலிருந்து அது முக்காட்டுச் செடி.

அதன் உண்மையான பெயரைச் சொன்னவர் காட்டிலாகா கிளார்க். கடைக்குப் படிக்கிற கண்ணாடி வாங்க வந்தவர். பாப்பா பூவைப் பற்றிக் கேட்டதும் மறுவாரம் ஒரு பழைய புத்தகத்தோடு வந்தார். வாயில் நுழையாத அந்தப் பெயரை வீட்டில் யாரும் பிறகு சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன மற்ற விஷயங்கள் சாயங்கால டீயோடு பல நாள் ஓடின. இந்தச் செடி சிறிதாக இருக்கும்வரை ஆண். கிழங்கு போதிய அளவு பருத்த வருடம் பெண்ணாகப் பூக்கும். அடிபட்டு இளைத்தால் மறுபடி ஆண்.

"பெருத்தா பொண்ணாயிடுமா?" என்றார் அண்ணன், நம்பிக்கையில்லாமல்.

"ஆமா. நல்லவேளை, மனுஷங்களுக்கு அந்தச் சட்டம் இல்ல. இருந்தா உன் தொப்பைக்கு நீ எப்பவோ எனக்கு அக்காவாயிருப்ப."

அண்ணி அன்று சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

பூவுக்குள் கொசுவைவிடச் சின்னப் பூச்சிகள் இறங்கும். ஆண் பூவின் அடியில் ஒரு சிறு இடுக்கு உண்டு; பூச்சி மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அந்த வழியாக வெளியேறிவிடும். பெண் பூவில் அந்த இடுக்கு இல்லை. உள்ளே போனது போனதுதான். "ரெண்டுல எது நல்ல குணம்னு சொல்லுங்க பாப்போம்" என்று பாப்பா அண்ணியைக் கேட்பாள். "அடியில வாசலே வெச்சுக் குடுத்தாலும் உங்கண்ணன் வெளிய கிளம்ப ஒரு மணி நேரமாகும், எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்பாள் அண்ணி.

மழை முடிந்து இரண்டு மாதத்தில் இலை மஞ்சளாகி விழுந்துவிடும். பிறகு ஆறேழு மாதம் தரைக்கு மேல் ஒன்றுமே இருக்காது. எங்கே எது இருக்கிறதென்று தெரிய அடையாளம் வேண்டும். பாப்பா கடையில் கழித்துப் போடும் பிரேம்களிலிருந்து காதில் மாட்டும் கால்களைக் கழற்றிக்கொண்டு வந்து, கிழங்குக்கு ஒன்றாக மண்ணில் செருகினாள். வெயிலுக்கும் மழைக்கும் மக்காத பொருள். ஆணுக்கு இடது கால், பெண் ஆகக்கூடிய பருத்த கிழங்குக்கு வலது கால். அந்தக் கால்களின் உட்பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண்ணை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வாள். மூன்று கிழங்கு பக்கக்கிழங்கு விட்டுப் பதினான்கு ஆகியிருந்தது. அவற்றில் ஒன்றே ஒன்றுக்குத்தான் வலது கால். அதுதான் பெரியவள். பதின்மூன்றாவது வருடம் அது முதல்முறையாகப் பெண்ணாகப் பூத்தது, ஆனால் ஆண் பூக்கள் அதற்குள் வாடிவிட்டதால் காய்க்கவில்லை. "அடுத்த வருஷம் ஆண் பூத் தூளை முன்னாடியே எடுத்து வெச்சுக்கணும்" என்றாள்.

*

அடுத்த வருடம் வரவில்லை. அதற்குக் காரணம் அண்ணன்.

அவர் நல்லது செய்யத்தான் நினைத்தார். கடையின் புதுக் கிளைக்கு ஆள் பழக்கிவிட பாப்பா பத்து நாள் வெளியூர் போயிருந்தாள். செடிகள் மண்ணுக்குள் உறங்கும் மாதம். பின்பக்கம் போய்ப் பார்த்தால் காய்ந்த சருகும், அங்கங்கே குத்தி நிற்கும் கண்ணாடிக் கால்களும். தங்கை வருவதற்குள் இடத்தைச் சுத்தமாக்கி வைக்கலாம் என்று தோன்றியது. பதினான்கு கால்களையும் பிடுங்கினார். அடையாளம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் எதற்கு அடையாளமோ அது போய்விட்டது, அடுத்த மழைக்கு அவளே புதிதாகச் செருகுவாள் என்று நினைத்துக்கொண்டார். டெப்போவில் புறப்பட்டுப் போன வண்டியின் பலகையைக் கழற்றி வைப்பதுதான் வழக்கம். கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, இடது தனியாக, வலது தனியாகப் பிரித்து, பிஸ்கட் டப்பாவில் அடுக்கி அவள் மேஜையில் வைத்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துத் தரையைக் கொத்திச் சமன் செய்தார்.

நாலாவது கொத்தில் மண்வெட்டி எதிலோ மெத்தென்று இறங்கியது. எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை அகலக் கிழங்கு, இரண்டு துண்டு, வெட்டுவாய் வெள்ளையாகப் பால்போல ஈரம் கசிந்தது. அவர் இரண்டையும் சேர்த்து வைத்து, புதைத்து, மேலே மண்ணைத் தட்டிவிட்டார்.

பாப்பா வந்து டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"பளபளன்னு இருக்கேண்ணா."

"சோப்புப் போட்டேன்."

"தெரியுது" என்றாள். மழை வரும்வரை மூன்று மாதம் அந்த மண்மேல் யாரும் கால் வைக்காமல் கயிறு கட்டி வைத்தாள். பதினொன்று முளைத்தது. பெரியவள் இருந்த இடத்தில் விரல் தடிமனில் ஒரு தண்டு வந்தது, பூவே இல்லாமல். மறுவருடம் ஆண் பூ. அதற்கடுத்த வருடமும் ஆண் பூ. "மண்ணு கலைஞ்சதுல இளைச்சுப் போயிட்டா போலிருக்கு" என்றாள் பாப்பா ஒரு நாள், பொதுவாக. சொல்ல அதுதான் நேரம் என்று அவருக்குத் தெரிந்தது. "இருக்கும்" என்றார்.

மண்வெட்டி பட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பெரியவள் மறுபடி பெண்ணாகிக் காய்த்துவிட்டால், கிளார்க் சொன்ன அந்தச் சிவப்புக் காயைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று ஒத்திப்போட்டார். காய்த்த பிறகு சொன்னால் அது வெறும் பழங்கதையாகிவிடும் இல்லையா? எட்டு வருடம் ஆனது. அந்த வருடம்தான் பெரியவளின் தண்டு கட்டைவிரல் தடிமனில் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம், "இந்தத் தடவை பொண்ணுதான்ணா" என்று பாப்பா மாடிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

*

செய்தி வந்த பிறகு மூன்று நாள் வீடு நிறைய ஆட்கள். கடை முதலாளி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பாப்பா திருப்பி அனுப்பிய லென்ஸ் பெட்டிகளைப் பற்றியே பேசினார். அவருக்குத் துக்கத்தை வேறு வழியில் பேசத் தெரியவில்லை. அண்ணன் வருகிறவர்களுக்குத் தலையாட்டினார். இடையிடையே எழுந்து பின்பக்கம் போனார். பெரியவளின் மூடி முன்னால் குனிந்துதான் இருந்தது. முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள்.

நாலாம் நாள் காலை காட்டிலாகா கிளார்க் வந்தார். அவருக்கும் இப்போது வயதாகிவிட்டது. பின்பக்கம் பார்க்க வேண்டும் என்றார். செடிமுன் குனிந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வெட்டுப்பட்ட கிழங்கு இதுதானே சார்? நல்லாத் தேறிடுச்சு."

அண்ணன் அவர் பக்கம் திரும்பினார். "எந்த வெட்டு?"

"மண்வெட்டி வெட்டு. அந்த வருஷமே கையில தூக்கிக்கிட்டு வந்து காட்டினாங்களே. ரெண்டு துண்டுல ஒண்ணு அழுகிடுச்சு. இன்னொண்ணுக்குச் சாம்பல் தடவி, காய வெச்சுப் புதைக்கச் சொன்னேன்."

"யார் வெட்டினதுன்னு சொன்னாளா?"

"சொல்லல. 'வீட்டுல ஒருத்தர், அவரா வந்து சொல்லட்டும்னு இருக்கேன்'னாங்க. அப்புறம் நானும் கேக்கல." கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் புரிந்துகொண்டார்போல, சட்டென்று மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன், "இதுக்குத் தூள் வைக்கணும். இன்னைக்குக் கடைசி நாள். உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"நான் பாத்ததெல்லாம் ஃபைல் சார், காட்டைப் பாத்தது கம்மி. எப்படின்னு சொல்ல முடியும். கை உங்களோடதா இருக்கட்டும், எனக்கு நடுங்கும்."

மகரந்தம் எங்கே இருக்கிறதென்று அண்ணிக்குத் தெரிந்திருந்தது. கீழ்வீட்டு ஃபிரிஜ்ஜில், கதவுத் தட்டில், கான்டாக்ட் லென்ஸ் போட்டு வைக்கும் இரட்டைக் குழி டப்பா. ஒரு குழியில் வெளிர்மஞ்சள் தூள், நகத்தில் அள்ளினால் தீர்ந்துவிடும் அளவு. மூன்று வாரத்துக்கு முன் ஆண் பூக்களைத் தட்டி எடுத்து, ஈரம் படாமல் பாப்பா வைத்தது. லென்ஸ் துடைக்கும் மெல்லிய பிரஷும் சின்ன பிளேடும் அவள் மேஜையில் இருந்தன.

குழலின் அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும் என்றார் கிளார்க். அண்ணன் மண்ணில் மண்டியிட்டு, பிளேடை வைத்து, எடுத்துவிட்டார். மறுபடி வைத்து, மறுபடி எடுத்தார். மாடிப்படியில் நின்ற அண்ணியிடம், திரும்பாமலே சொன்னார்.

"அன்னைக்கு இதை மண்வெட்டியால வெட்டினது நான்தான்."

"தெரியுமே. மண்வெட்டியில ஒட்டியிருந்ததைக் கழுவி வெச்சது யாரு? கையெல்லாம் அரிச்சுது ரெண்டு நாள்."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?" என்றாள். பிறகு இறங்கி வந்து, அவர் கண்ணாடி மூக்கில் வழுக்கியிருந்ததைப் பின்னாலிருந்து ஏற்றிவிட்டாள். "வெட்டுங்க. இந்தத் தடவை சின்னதா."

வெட்டினார். உள்ளே நடுவில் நின்ற குச்சியின் அடியில், காயாகப்போகும் பச்சை மணிகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. இரண்டு பூச்சிகள் செத்துக் கிடந்தன. பிரஷைத் தூளில் தொட்டு மணிகள்மேல் சுற்றிலும் தடவினார். டப்பாவில் ஒன்றும் மிஞ்சாதபடி தடவினார். அது எத்தனை மணிக்கு நடந்தது என்பதை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை.

பதினைந்து நாள் ஒன்றும் தெரியவில்லை. குழல் வாடி, பழுப்பாகி, துணிபோலத் தொங்கியது. பிடிக்கவில்லை என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். காலையில் பார்ப்பதை நிறுத்தினார். சாயங்காலம் மட்டும் பார்த்தார். இருபதாவது நாள் அண்ணி அந்த வாடிய குழலை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு, மாடியை நோக்கி, "என்னங்க, உப்பியிருக்கு" என்றாள்.

நாலு மாதத்தில் மணிகள் பச்சையிலிருந்து ஆரஞ்சாகி, ஆரஞ்சிலிருந்து சிவப்பாயின. இலை விழுந்த பிறகும் அந்தத் தண்டு மட்டும் சிவப்புக் கதிரோடு நின்று, ஒரு நாள் தானாகச் சாய்ந்தது. கிளார்க் போனில் சொன்னபடி அண்ணன் காய்களைப் பறித்து, பிதுக்கி, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டார். மொத்தம் நாற்பத்தாறு விதை. சதையோடு விதைத்தால் முளைக்காது. ஒவ்வொன்றையும் தண்ணீருக்குள் விரலால் தேய்த்துச் சதையைக் கழற்ற வேண்டும். சாறு தோலை அரிக்கும் என்று கையுறை போடச் சொல்லியிருந்தார் கிளார்க். கையுறையில் விதை வழுக்கியதால் அண்ணன் அதைக் கழற்றிவிட்டார். இருபத்தொன்பது விதை தேய்த்ததும் விரல்கள் தடித்துச் சிவந்துவிட, எழுந்து கை கழுவிவிட்டு வரப் போனார். மீதிப் பதினேழும் இன்னும் சதையோடு கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருக்கின்றன.